நாகலெட்சுமியின் நாக்கு

"உப்பு இல்ல" என்றாள் நாகலெட்சுமி.

சோற்றுத் தட்டைக் கையால் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தோட்டத்து லயத்தில் சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும், அடுத்த ஐந்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். குசினியில் நின்றாள் மருமகள் வினோதா. பருப்புச் சட்டியை மூடினாள். மூடிய சத்தம் மட்டும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மதுரன் தலையை நிமிர்த்தாமல் பொரித்த கருவாட்டைக் கடித்தான்.

"நீ சொல்லுடா. உப்பு இருக்கா, இல்லையா?"

"எனக்குச் சரியாத்தாம்மா இருக்கு."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட வாக்கியம் அது ஒன்றுதான். சோறு குழைந்தாலும் அதுதான், கறி அடிப்பிடித்தாலும் அதுதான். பக்கத்தில் ஒரு துண்டுக் கருவாடு இருக்கும்வரை மதுரனுக்கு உலகமே சரியாகத்தான் இருக்கும். கருவாட்டை மெல்லும் பற்களை நாகலெட்சுமி போன வருஷமே ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மதுரன் கொட்டகலை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தான். சீமெந்து, பெயின்ட், கூரைத் தகரம், எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் உண்டு. கூரை ஒழுகுகிறது என்று வருகிறவனை அரை மணி நேரத்தில் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவான். வீட்டில் இரண்டு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த இந்த உப்புப் பிரச்சினைக்குத்தான் அவனிடம் சாமான் இல்லை.

நாகலெட்சுமிக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் கொழுந்து பறித்து, மூன்று கங்காணிமார்களை அழவைத்து, பென்ஷனில் வந்தவள். அவளுடைய வாய்க்கு ஓய்வு கொடுக்கும் சட்டம் எதுவும் தோட்டத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு டயகமவில் இருக்கும் மகள் சுலக்ஷனாவுக்குப் போன் போட்டு அன்றைய உப்பு நிலவரத்தைச் சொல்வாள். அடுத்த வீட்டு ரசம் எவ்வளவு ருசியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வாள். அடுத்த வீட்டு ரசம் ருசிப்பதும் மருமகள் வைத்தது ருசிக்காததும் உலக வழக்கம் என்பதால் மதுரன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் அவள் அடுத்த குண்டைப் போட்டாள். இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் டயகமவுக்கே போய்விடப் போகிறாளாம். மதுரன் கருவாட்டைத் தட்டில் வைத்தான். அம்மா போய்விட்டால், பெற்ற தாய்க்கு உப்புப் போட்டுச் சோறு கொடுக்காதவன் என்று தோட்டம் முழுக்கப் பெயராகிவிடும். அந்தப் பெயரோடு பஜாரில் நின்று பெயின்ட் விற்க முடியாது.

அடுத்த நாள் அவன் முதல் வைத்தியத்தைச் செய்தான். ஒரு சின்னப் போத்தலில் உப்பை நிரப்பி, அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் வைத்தான். யாருக்கும் தெரியாமல் வைத்ததை வினோதா இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தாள்.

"அப்ப நீங்களும் என் சமையல்ல உப்பு இல்லன்னு சொல்றீங்க."

"நான் எங்க சொன்னேன்?"

"வாயால சொல்லல."

அந்தப் போத்தலோடு வீட்டில் இருந்த பெரிய உப்புப் போத்தலும் சேர்ந்து அலுமாரிக்குள் போனது. சாவி வினோதாவின் இடுப்புக்குப் போனது. அன்று இரவுச் செய்தியில், நகையைப் பூட்டி வைக்கும் மருமகளைத்தான் ஊரில் கண்டிருக்கிறோம், தன் வீட்டில் உப்பைப் பூட்டி வைக்கிறார்கள் என்று டயகமவுக்கு அறிவிக்கப்பட்டது.

விஷயம் இப்படி இருக்கும்போதுதான் பௌர்ணமிப் போயா லீவு நாளில் தோட்டத்து முதியோர் சங்கத்தில் சுகாதாரக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்தால் பணிஸும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்பதால் மண்டபம் நிறைந்துவிட்டது. நாகலெட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்து, பணிஸைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுவிட்டு, பேச்சு தொடங்கியதும் கம்பளிச் சால்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கூட்டிக்கொண்டு வந்த மதுரன்தான் வேறு வழியில்லாமல் விழித்திருந்தான்.

பேசியவர் ஓர் இளம் டொக்டரம்மா. வயசு போகப் போகச் சாப்பாடு குறைகிறது, இறைச்சி, மீன், முட்டை எல்லாம் குறைகிறது, அதனால் சிங்க் என்ற சத்தும் உடம்பில் குறைந்துபோகலாம் என்று சொன்னார். அது குறைந்தால் நோயை எதிர்க்கும் சக்தி குறையும். சளி அடிக்கடி பிடிக்கும். புண் ஆற நாளாகும்.

மதுரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மாவுக்கு மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சளி. காலில் அட்டை கடித்த இடம் மூன்று வாரமாக ஆறவில்லை.

"சில பேருக்கு நாக்குல ருசியும் கொறஞ்சு போகும்" என்றார் டொக்டரம்மா. "உப்பு, புளி ஒன்னும் சரியாத் தெரியாது."

மதுரனுக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது. இரண்டு மாதமாக அம்மா குற்றவாளியா, மனைவி குற்றவாளியா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவனுக்கு, இரண்டு பேரும் நிரபராதிகள் என்று ஒரு டொக்டரே மைக்கில் தீர்ப்புச் சொல்கிறார். இதைவிட ஒரு கணவனுக்கு வேறென்ன வேண்டும்?

டொக்டரம்மா அதோடு நிறுத்தவில்லை. கடலை, பூசணி விதை, முட்டை, மீன் என்று சாப்பாட்டில்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்றார். ருசி தெரியாமல் போக வேறு பல காரணங்களும் உண்டு, அதனால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள் என்றார். மாத்திரை, குளிசை எதையும் தாங்களாகவே வாங்கிக் குடிக்கக் கூடாது, வெறும் வயிற்றில் குடித்தால் வாந்தி வரும், அளவுக்கு மீறினால் உடம்பில் செம்புச் சத்து குறைந்துவிடும் என்றும் எச்சரித்தார். இதையெல்லாம் மண்டபத்தில் விழித்திருந்த எல்லோரும் கேட்டார்கள், மதுரனைத் தவிர. அவன் அதற்குள் வாசலில் போய்த் துண்டுப் பிரசுரம் வாங்கிக்கொண்டிருந்தான். ஒன்று போதாதென்று பத்து வாங்கினான்.

பிரசுரத்தின் தலைப்பு 'முதுமையும் நாகக் குறைபாடும்' என்றிருந்தது. சிங்க் என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கிவிடுமே என்று பயந்து, கொழும்பில் யாரோ ஒருவர் அதைத் தமிழில் நாகம் ஆக்கியிருந்தார்.

பிரசுரத்தில் இருந்தபடி முதலில் சாப்பாட்டு வைத்தியம். மதுரன் கடலை வாங்கிக் கொடுத்தான். வினோதா ஒன்றும் கேட்காமல் ஊறப்போட்டு அவித்துக் கொடுத்தாள். நாகலெட்சுமி ஒரு கடலையை ஈறுகளுக்கு நடுவில் வைத்துக் கால் மணி நேரம் உருட்டிவிட்டுத் துப்பினாள்.

"இதுலயும் உப்பு இல்ல."

பிறகு ஹட்டனுக்குப் போன ஒரு நாளில் பார்மசியில் சிங்க் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, இது நாக்குக்கும் நல்லது, சளிக்கும் நல்லது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னான். பெயர் என்ன என்று அவள் கேட்டாள். சொன்னான். நாகலெட்சுமி கூரையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஒங்க கடையில கூரைக்குக் குடுக்குற தகரத்துல பூசுறதும் அதுதானே?"

"அது வேறம்மா."

"பிரஷருக்கு ஏற்கனவே மூணு குளிசை முழுங்குறேன். இப்ப தகரத்தையும் தின்னணுமா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் தீர்ப்புக் கிடைத்த பிறகு அதை நிறைவேற்றாமல் விடுகிறவன் அல்ல மதுரன். காலையில் வினோதா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுத் தலை சீவப் போவாள். அவள் வேலை பார்ப்பது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்து மலைக்குப் போகுமுன் அவள் போய்க் கதவு திறக்க வேண்டும். அவள் தலை சீவும் அந்த நேரத்தில், மாத்திரையைப் பொடியாக்கி, பிரசுரத்தைக் கிழித்து அதில் மடித்து வைத்திருந்ததை மதுரன் அம்மாவின் கோப்பையில் தட்டிவிடுவான். தலை சீவி வந்ததும் வினோதா தன் கையால் அந்தக் கோப்பையை எடுத்துப்போய் மாமியாரிடம் கொடுப்பாள். திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை என்று மதுரன் நினைத்தான். பாவம், அவன் ஹார்ட்வெயார்காரன்.

மூன்றாம் நாள் நாகலெட்சுமி முகத்தைச் சுளித்தாள். தேத்தண்ணி துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்ட தண்ணிபோல் இருக்கிறது என்றாள். மதுரனுக்கு உடம்பு புல்லரித்தது. இரண்டு மாதமாக உப்புக்கூடத் தெரியாத நாக்குக்குத் துருவின் ருசி தெரிகிறது. வைத்தியம் வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடியும் உப்பு இல்லை.

ஒரு வாரம் இப்படியே போனது. எட்டாம் நாள் காலையில் வினோதா வேலைக்குப் போன பிறகு, நாகலெட்சுமி மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வீட்டுக் கோடியில் நிறுத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கடதாசித் துண்டு. மடிப்புகளில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அடுப்புக்குப் பின்னால் கிடந்ததாம்.

"வாசிச்சுப் பாரு."

மதுரன் பார்த்தான். பிரசுரத்தின் தலைப்பு. கிழித்ததில் முன்னும் பின்னும் போய், இரண்டே எழுத்துகள் கொட்டை அச்சில் மிஞ்சியிருந்தன. நாக.

"என் பேரு" என்றாள் நாகலெட்சுமி. குரல் நடுங்கியது. "பேர எழுதி, பொடிய மந்திரிச்சு, தேத்தண்ணியில கலக்குறா. நாக்குச் செத்ததுக்கு இதுதான்டா காரணம். ஒம் பொண்டாட்டி எனக்கு மருந்து வச்சிட்டா."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. மதுரன் வாயையும் திறந்தான். திறந்த வாயிலிருந்து, அது வெறும் குப்பைக் கடதாசியாக இருக்கும் என்ற பேச்சுத்தான் வந்தது. பொடி கலந்தது நான்தான் என்று சொன்னால், இந்த நடுங்கும் குரல் தன் பக்கம் திரும்பும். அதைத் தாங்கும் திராணி அவனுக்கு இருக்கவில்லை.

நாகலெட்சுமி அவனை நம்பவில்லை. டயகமவுக்குப் போன் பறந்தது. சுலக்ஷனா அங்கிருந்தே ஏற்பாடு செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கீழ்ப்பிரிவு முனியாண்டி கோயிலில் மூக்கன் பூசாரி மருந்தை எடுத்துவிடுவார். வெள்ளைச் சேவல் ஒன்றும் வெட்டிப்போடத் தேசிக்காய் ஒன்பதும் வேண்டும். முக்கியமாக, சாப்பிடாமல் வர வேண்டும்.

வியாழக்கிழமை முழுக்க மதுரன் யோசித்தான். கடைசியில் அவனுக்கு ஓர் அருமையான வழி தோன்றியது. வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவுக்கு ருசி திரும்பிவிட்டால் பூசாரிக்கே வேலையில்லாமல் போகும். இத்தனை நாளும் ஒரு மாத்திரை போட்டதுதான் பிழை. வெள்ளி காலையில் மூன்றாகப் போட்டான்.

விரதம் என்றாலும் நாகலெட்சுமி தேத்தண்ணியை விடவில்லை. தேத்தண்ணி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்பது தோட்டத்துச் சாஸ்திரம். மருமகள் கொடுத்ததைத் தொடமாட்டேன் என்று, மகன் கையாலேயே ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மூக்கன் பூசாரிக்கு அன்று கடுமையான தடிமன். மூக்கை ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் உடுக்கையை அடித்தார். நாகலெட்சுமியை நடுவில் உட்காரவைத்து, திருநீறு கரைத்த தண்ணியை வாயில் ஊற்றினார். வழக்கமாக இந்தக் கட்டத்துக்குப் பிறகு அவர் வேப்பிலையால் அடித்து, அதட்டி, ஒரு மணி நேரமாவது பாடுபட வேண்டியிருக்கும். அன்றைக்குத் தண்ணி உள்ளே போன மறுகணமே நாகலெட்சுமி வாந்தி எடுத்தாள். வெண்மையாக வந்தது.

பூசாரியே ஓர் அடி பின்னால் பாய்ந்தார். இருபது வருஷத் தொழிலில் அவருக்கு இப்படி ஒரு வெற்றி வாய்த்ததில்லை. ஆனாலும் அனுபவசாலி, சுதாரித்துக்கொண்டார்.

"கூட இருக்குற கைதான்" என்றார். "தெனம் காலையில தேத்தண்ணி நீட்டுற கை. வளையல் போட்ட கை."

சுற்றி நின்றவர்கள் அசந்து போனார்கள். கோயிலுக்கு வந்த உடனேயே நாகலெட்சுமியே ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

கோயிலிலிருந்து லயத்துக்கு ஏறி வரக் கால் மணி நேரமாகும். செய்தி ஐந்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைக் காம்பராவை உடன் வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டு வந்த வினோதா, கட்டிலில் பையை விரித்து வைத்துச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் மதுரனுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

"நான் நோர்வூட்டுக்குப் போறேன்" என்றாள். "பத்தரை பஸ். இனி ஒங்கம்மாவுக்கு நீங்களே ஊத்திக் குடுங்க."

நோர்வூட் அவளுடைய தாய் வீடு. பதினோரு வருஷத்தில் கோபித்துக்கொண்டு ஒருமுறையும் போகாதவள். வாசலில் லயமே கூடி நின்றது. படியில் தண்ணி தெளிக்க வந்த பூசாரியும் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். வினோதா மடித்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பையில் வைப்பதை மதுரன் பார்த்துக்கொண்டே நின்றான். நான்காவது சேலை அவன் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. அதையும் அவள் வைத்தபோது அவன் சட்டைப் பையில் கைவிட்டு, பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் நீட்டினான்.

"அவ ஒன்னும் செய்யல. தேத்தண்ணியில போட்டது நான்தான்."

சேவல்கூடச் சத்தம் போடவில்லை.

நாகலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீயா?" என்றாள். பிறகு மெதுவாக, "டேய், நீ உப்புப் போட்டுத்தான் சோறு திங்கிறியா?"

வினோதாவுக்கு ஏனோ அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி நின்றாள்.

மதுரன் மிச்சமிருந்த பிரசுரங்களைக் கொண்டுவந்து பத்து நிமிஷம் விளக்கினான். நாகம் என்றால் பாம்பும் இல்லை, அம்மாவின் பெயரும் இல்லை, அது சிங்க். வயசானவர்களுக்கு அது குறைந்தால் நாக்குச் செத்துவிடும். சளி பிடிக்கும். புண் ஆறாது. அம்மாவுக்கு மூன்றும் இருக்கிறது. சொன்னால் குடிக்கமாட்டாள், அதனால்தான் கலந்தான். கேட்டுக்கொண்டிருந்த சனம் மெல்ல மெல்லச் செய்வினையிலிருந்து விஞ்ஞானத்துக்கு நகர்ந்தது.

"தடிமனுக்கும் கேக்குமாங்க?" என்று மூக்கன் பூசாரி கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நான்கு மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு வினோதா புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப, அத்தைக்கு நாக்குல ருசி இல்லாமப் போனதாலதான் உப்பு தெரியல."

"அதேதான். ஒம் மேல ஒரு தப்பும் இல்ல. அத நான் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன்."

"இந்தக் குளிசையக் குடிச்சா உப்பு தெரியும்."

"டொக்டரே சொல்லிருக்காங்க."

வினோதா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்கு வரும் சில பேர் ஒரு சாமானை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, கிடைத்தது இதுதான் என்று எடுத்துப்போவார்கள். அப்படி ஒரு பார்வை. பிறகு பையிலிருந்த சேலைகளை எடுத்து அலுமாரியில் வைத்தாள்.

"இனி நானே குடுக்குறேன்" என்றாள். "ஒரு நாளைக்கு ஒன்னு. சாப்பாட்டுக்குப் பெறகு. கலக்காம, எல்லார் முன்னுக்கும்."

மகனே விஷம் வைக்கும் காலத்தில் மருமகள் வெளிப்படையாகக் கொடுப்பதை வாங்கிக் குடிப்பது மேல் என்று நாகலெட்சுமிக்கும் பட்டிருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் பூசணிக்காய்க் கறியில் ஒரு வாய் எடுத்துவிட்டு நாகலெட்சுமி மெல்லுவதை நிறுத்தினாள்.

"லேசாத் தெரியுது" என்றாள்.

ஏழாம் நாள் நன்றாகவே தெரிந்தது. பத்தாம் நாள் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள். டயகமவுக்குப் போன செய்தியில் முதல் தடவையாக மருமகளின் கைப்பக்குவம் இடம்பெற்றது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நாகலெட்சுமியின் பரம்பரையிலேயே கிடையாது. அதற்குப் பதிலாக, வினோதா வேலைக்குப் போகும் நேரத்தில் தன் கம்பளிச் சால்வையை எடுத்து, பனி கொட்டுகிறது, போர்த்திக்கொண்டு போ என்று நீட்டினாள். வினோதாவும் போர்த்திக்கொண்டு போனாள். அந்த மாதத்தில் மழையும் விட்டுவிட்டதால் நாகலெட்சுமியின் சளி நின்றது. அட்டை கடித்த புண்ணும், இனி இருந்து பயனில்லை என்று ஆறிப்போனது. எல்லாப் பெருமையும் சிங்குக்கே போய்ச் சேர்ந்தது. சிங்கைக் கண்டுபிடித்தவன் மதுரன் என்பதால் அவனுக்கும் கொஞ்சம் வந்தது.

கொஞ்சம் என்பது அவன் தன்னடக்கத்தில் சொல்வது. பஜாரில் ஆணி வாங்க வந்தவர்களிடமும் அவன் நாக்கை நீட்டச் சொன்னான். முதலாளி அவனை டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார். அதில் இருந்த நக்கல் மதுரனுக்கு விளங்கவில்லை. முதியோர் சங்கத்தில் அவனை மேடையேற்றிப் பேசவைத்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் மூக்கன் பூசாரி நின்று, தன் மூக்கு காய்ந்துவிட்டதை எல்லோருக்கும் காட்டினார். அடுத்த நாளிலிருந்து தோட்டத்து முதியவர்கள் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கறியிலும் உப்பில்லை என்று அறிவித்தார்கள். நான்கைந்து மருமகள்மார் மதுரனைக் கண்டால் பாதை மாறிப் போகத் தொடங்கினார்கள். பெரிய காரியங்கள் செய்கிறவர்களுக்கு எதிரிகள் இருக்கத்தான் செய்வார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் நாகலெட்சுமியின் கிளினிக் நாள் வந்தது. வழக்கம்போல் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வினோதா சொன்னாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னாள். நீ வேலைக்குப் போ, இந்த முறை நான் போகிறேன் என்று மதுரன் பிடிவாதம் பிடித்தான். இவ்வளவு பெரிய வெற்றியை வைத்தியத்துறை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கிளினிக்கின் நர்ஸ் பிரியந்தி மிஸி பதினைந்து வருஷமாக ஒரே கதிரையில் இருப்பவர். தோட்டத்தில் யாருக்கு என்ன நோய், வருத்தம் என்பது அவருக்குக் கொப்பியைத் திறக்காமலே தெரியும். நாகலெட்சுமியின் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். மறு கையில் சுற்றி இன்னொரு தரம் பார்த்தார்.

அவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருக்க மதுரனால் முடியவில்லை. கூட்டத்தில் கேட்டது, பிரசுரம், மாத்திரை, வாந்தி, பூசாரி, நான்காம் நாள் பூசணிக்காய்க் கறி, எல்லாவற்றையும் மேடையில் பேசிய அதே ஒழுங்கில் சொல்லி முடித்தான்.

மிஸி முதலில் கேட்டது, எந்த டொக்டர் எழுதிக் கொடுத்தார் என்பதைத்தான். ஒருவரும் இல்லை என்றதும், வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படியாக அவனுக்கு நன்றாகக் கிடைத்தது. வயசான மனுஷிக்கு வெறும் வயிற்றில் மூன்று குளிசை கொடுத்திருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்றார். இன்றோடு நிறுத்து, தேவையா இல்லையா என்று டொக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். மதுரன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். ஆனாலும் உண்மை தன் பக்கம் இருக்கும்போது எவ்வளவு நேரம்தான் குனிந்திருப்பது?

"நீங்க ஏசுறது சரிங்க மிஸி. ஆனா அம்மாவோட நாக்குச் சரியாயிருச்சே. இப்ப உப்பு நல்லாத் தெரியுது."

"ஆமாங்க மிஸி" என்றாள் நாகலெட்சுமி பெருமையோடு. "இப்ப எம் மருமக வக்கிற கறிய நீங்க சாப்புட்டுப் பாக்கணும்."

பிரியந்தி மிஸி கொப்பியில் போன மாதத்துப் பக்கத்தைப் புரட்டினார். அதற்கு முந்தின மாதத்தையும் பார்த்தார். இன்றைக்கு எழுதியதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மதுரனை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னா ஒங்கம்மா கேக்கமாட்டாங்க, யாருக்கும் சொல்லாம உப்ப நிப்பாட்டுங்கன்னு நான் சொன்னதுக்காக, ஒங்க வைஃப் கறியில ஒரு கல்லு உப்புக்கூடப் போடாம இந்தப் பிரஷர எறக்கி வச்சிருந்தாங்களே, அவங்கள மறுபடி உப்புப் போட வச்சது யாரு?"